விதை போன இடமெல்லாம் பக்குவமும் போனதா? வெப்பமண்டலப் பழம், விதை, தானியம் பற்றி ஒரு விவாதம்

விதைப்பெட்டி:

வணக்கம் நண்பர்களே. பயிர்களின் பிறப்பிடம் பற்றிப் பேச்சு வந்தால், எந்தக் கண்டத்திலிருந்து எந்தக் கண்டத்துக்கு யார் கொண்டுபோனார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பயிரைப் பல ஆயிரம் ஆண்டுகள் வளர்த்த மக்கள், அதில் எதை நீக்கணும், எவ்வளவு நேரம் ஊறணும், எதோடு சேர்த்துத் தின்னணும் என்று ஒரு பக்குவத்தையும் கூடவே வளர்த்திருக்கிறார்கள். விதை கப்பலேறியபோது அந்தப் பக்குவமும் ஏறியதா? பெரும்பாலும் ஏறவில்லை என்பது என் கட்சி. அதனால் மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மக்காச்சோளத்திலிருந்து தொடங்குகிறேன். இதன் தாய்வீடு தென்மேற்கு மெக்சிகோ, பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் டியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அந்தப் புல்லின் கதிரைப் பார்த்தால் நம்பவே முடியாது. ஒரு விரல் நீளம்கூட வராது. உள்ளே பத்துப் பன்னிரண்டு மணிகள், ஒவ்வொன்றும் கல் மாதிரி ஒரு ஓட்டுக்குள். அதிலிருந்து இன்றைய கதிர் வந்ததே பெரிய சாதனை. அதற்கு நிகரான சாதனை சமையலில் நடந்தது.

நடு அமெரிக்க மக்கள் காய்ந்த மக்காச்சோள மணியை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில், அல்லது மரச்சாம்பல் கலந்த நீரில், வேகவைத்து இரவெல்லாம் அதிலேயே ஊற விடுவார்கள். காலையில் கைவிட்டால் மணி வழவழவென்று இருக்கும், தோல் தேய்த்தாலே கழன்று வரும். மணி லேசாக மஞ்சளேறி, ஈர மண்ணும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை வரும். நன்றாகக் கழுவிக் கல்லில் ஈரமாகவே அரைத்தால் மாவு ஒட்டிச் சேரும். வெறுமனே ஊறவைத்த மக்காச்சோளத்தை அரைத்தால் அப்படிச் சேராது, அடை தட்டினால் உதிரும். இப்படிப் பக்குவப்படுத்திய மணிக்கு நிக்ஸ்டமல் என்று பெயர்.

விஷயம் தோலோடு நிற்கவில்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற உயிர்ச்சத்து இருக்கிறது, ஆனால் நம் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு இருக்கிறது. சுண்ணாம்பு நீர் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. போதாததற்குக் கால்சியமும் சேர்கிறது. வயலிலும் மக்காச்சோளத்தோடு அவரை வகைகளையும் பூசணியையும் கலந்தே விதைத்தார்கள், தட்டிலும் அவை கலந்தே வந்தன.

கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. விளைச்சல் அபாரம். ஏழைகளின் வயிற்றை நிரப்பியது. சுண்ணாம்பு மட்டும் போகவில்லை. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான நோயைக் குறித்துவைத்தார். வெயில் படும் இடமெல்லாம் தோல் தடித்துக் கருகும், கழுத்தில் மாலை போட்டதுபோல வளையம் விழும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். அதுதான் பெல்லாக்ரா. வட இத்தாலியில் மக்காச்சோளக் களியையே மூன்று வேளையும் தின்ற விவசாயிகளைச் சூறையாடியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. கிருமியால் வருகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 1914இல் விசாரணைப் பொறுப்பேற்ற ஜோசப் கோல்ட்பெர்கர் இது உணவுக் குறைபாடு என்று காட்டினார். நியாசின்தான் மருந்து என்பது 1937இல்தான் தெளிவானது. மெக்சிகோவில் ஒரு பிடிச் சுண்ணாம்பில் முடிந்திருந்த காரியம்.

இதுபோல உங்களுக்குத் தெரிந்த பயிர்களையும் சொல்லுங்கள். மறுத்துப் பேசுகிறவர்களுக்குக் கூடுதல் வரவேற்பு.

கம்பங்கொல்லை:

அருமையான தொடக்கம் ஐயா. இரண்டு கேள்வி. ஒன்று, பக்கத்திலேயே பார்த்தும் ஐரோப்பியர்கள் ஏன் அந்தச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்? இரண்டு, ஒரு பயிரின் பிறப்பிடம் இதுதான் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இன்று அதிகம் விளையும் இடத்தைச் சொல்வதா, ரகங்கள் அதிகம் உள்ள இடத்தைச் சொல்வதா?

விதைப்பெட்டி:

முதல் கேள்விக்கு: அவர்களிடம் கோதுமை அரைக்கும் ஆலைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. மக்காச்சோளத்தையும் உலர்ந்தபடியே அதில் கொட்டினால் மாவு வந்துவிடுகிறது. களி கிண்டவும் கஞ்சி காய்ச்சவும் மாவு ஒட்டிச் சேரவேண்டிய அவசியமில்லை. அப்புறம் எதற்குச் சுண்ணாம்பு? பயன் உடனே கண்ணில் தெரிந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நோயோ பல மாதம் கழித்து, அதுவும் வேறு எதுவும் தின்ன வழியில்லாதவர்களுக்கு மட்டும் வந்தது. அதனால் காரணத்தையும் விளைவையும் முடிச்சுப்போட ஆளில்லாமல் போயிற்று.

இரண்டாவது கேள்வி பெரியது. ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் 1920களில் உலகம் முழுக்கச் சுற்றி விதை சேகரித்து, எங்கே ரகங்கள் குவிந்திருக்கின்றனவோ அங்கேதான் பயிர் பிறந்திருக்க வேண்டும் என்றார். நல்ல தொடக்கம், ஆனால் அது மட்டும் போதாது. போன இடத்திலும் ரகங்கள் பெருகும். இன்று மூன்று சாட்சிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள்: காட்டு உறவுப் பயிர் எங்கே வளர்கிறது, மரபணு எதோடு ஒத்துப்போகிறது, மண்ணுக்கடியில் என்ன கிடைத்திருக்கிறது.

சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (மக்காச்சோளம் அல்ல, நம் வெள்ளைச் சோளம்). கிழக்கு சூடானில் 5000 ஆண்டுகளுக்கு மேல் பழைய பானை ஓடுகள் கிடைத்தன. களிமண்ணில் சோள உமியைக் கலந்து பிசைந்திருக்கிறார்கள். சுடும்போது உமி எரிந்துபோய் அதன் அச்சு மட்டும் ஓட்டில் நின்றுவிட்டது. அந்த அச்சில், மணி தானாக உதிர்ந்த காம்பையும் கையால் பிய்க்கப்பட்ட காம்பையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. கையால் பிய்த்தது வந்துவிட்டதென்றால் அது வயலில் வளர்ந்தது என்று பொருள். கம்பும் இப்படித்தான். மாலி நாட்டின் திலெம்சி பள்ளத்தாக்கில் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முந்தைய சான்று இருக்கிறது. சில நூற்றாண்டுகளிலேயே அது இந்தியா வந்துவிட்டது.

எல்லாப் பயிருக்கும் ஒரே தாய்வீடு இருக்கவேண்டும் என்றும் இல்லை. உலகெங்கும் எடுத்த தென்னை மாதிரிகளின் மரபணுவை ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு, இந்தியப் பெருங்கடல் பக்கம் ஒன்று, பசிபிக் பக்கம் ஒன்று என இரண்டு தனித்தனி வளர்ப்பு வரலாறுகளைக் காட்டியது.

கடலோடி:

மறுத்துப் பேச வரவேற்பு என்றீர்கள், வந்துவிட்டேன். பெல்லாக்ராவில் நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அதை வைத்துப் பிறந்த இடத்துக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஒரு விதி எழுதிவிடக் கூடாது. போன இடத்து மக்களும் மூளை உள்ளவர்கள்தான்.

முருங்கை. இமயமலை அடிவாரத்து மரம். ஆப்பிரிக்கா போன பிறகு, நைல் நதிக்கரையில் சூடான் பெண்கள் அதன் விதையை வைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழியைக் கண்டுபிடித்து வழக்கமாக்கினார்கள். விதைப் பருப்பை இடித்துக் கொஞ்சம் நீரில் குழைத்து, வெள்ளக் காலத்துச் சேற்று நீரில் ஊற்றிக் கலக்கி வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் சேறு அடியில் படிந்துவிடும். விதையிலுள்ள புரதத்துக்கு நேர்மின்னேற்றம், களித்துகளுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கனத்துக் கீழிறங்குகிறது. சேற்றோடு கிருமிகளில் பெரும்பங்கும் போய்விடுகிறது.

காப்பி. தென்மேற்கு எத்தியோப்பியக் காட்டு மரம். ஒரோமோ மக்கள் அதை வறுத்து இடித்து வெண்ணெயோடு உருட்டி உணவாகத் தின்றார்கள். நெடும்பயணத்துக்கு அதுதான் கட்டுச்சோறு. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூக்கம் வராமலிருக்க அதைப் பானமாகக் குடித்தார்கள். உலகம் பிடித்துக்கொண்டது இந்தக் குடிக்கும் வழியைத்தான். ஏமனிலேயே கொட்டையை விற்றுவிட்டுக் காய்ந்த தோலை இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பது இன்றும் உண்டு, கிஷ்ர் என்பார்கள். ஒரே கனி, மூன்று புழக்கம்.

முந்திரியில் நிலைமை இன்னும் சுவையானது. வடகிழக்கு பிரேசில் மரம். அங்கே துப்பி மக்களுக்குக் கொட்டையும் வேண்டும், பழமும் வேண்டும். பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்துக் குடித்தார்கள், முந்திரிப் பருவத்தை வைத்தே ஆண்டைக் கணக்கிட்டார்கள். நாம் பழம் என்பது உண்மையில் காம்பு பருத்து வீங்கியது, அசல் கனி கீழே தொங்கும் கொட்டைதான். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உலகச் சந்தைக்குப் போனது பருப்பு மட்டுமே. காரணம் எளிது, பறித்த பழம் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆனால் கொட்டை ஓட்டிலுள்ள கொப்புளமாக்கும் எண்ணெயைத் தனியே எடுத்து வண்ணப்பூச்சுக்கும் வண்டித் தடைக்கட்டைக்கும் பயன்படுத்துவது பின்னால் வந்த தொழில். அது தாய்வீட்டில் இருந்ததில்லை.

ஆகவே சில நேரம் பக்குவம் தொலைகிறது, சில நேரம் புதிது பிறக்கிறது. இரண்டையும் எழுதினால்தான் வரலாறு.

பச்சைக்காய்:

கடலோடி சொல்வதை ஏற்கிறேன், ஒரு பிரிவு மட்டும் சேர்க்க வேண்டும். நீரைத் தெளியவைக்க நூறு முறை முயன்று பார்க்கலாம், உயிருக்கு ஒன்றுமில்லை. நஞ்சுள்ள விதைகளில் அப்படி முயன்று பார்க்க முடியாது. அங்கேதான் விதைப்பெட்டி ஐயாவின் வாதம் வலுவாக நிற்கிறது.

1770இல் ஜேம்ஸ் குக்கின் எண்டவர் கப்பல் பவளப்பாறையில் மோதி, வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆற்று முகத்தில் பழுதுபார்க்க நின்றது. பூர்வகுடிகளின் அடுப்படிகளைச் சுற்றி சைக்கஸ் மரக் கொட்டைகளின் ஓடு குவிந்து கிடந்ததை மாலுமிகள் பார்த்தார்கள். இவர்கள் தின்கிறார்களே என்று ஒன்றிரண்டைத் தின்றார்கள். மேலும் கீழுமாகப் போட்டு வாட்டியது. கப்பலில் இருந்த பன்றிகளும் தின்றன, இரண்டு செத்தன, மற்றவை தப்பியதே பெரும்பாடு. கூட வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் இதைக் குறித்துவைத்திருக்கிறார். ஓடு கண்ணுக்குத் தெரிந்தது, ஓட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நடந்த வேலை தெரியவில்லை. கொட்டையை உடைத்து, சீவி அல்லது நசுக்கி, பின்னல் பையில் கட்டி ஓடும் நீரில் நாள்கணக்கில் போட்டு வைத்து, பிறகு அரைத்துத் தணலில் சுடுவார்கள். நஞ்சு நீரில் கரைந்து போய்விடும்.

இன்னொன்று, தென்கிழக்கு ஆசியாவின் கெலுவாக். காட்டில் ஓங்கி வளரும் மரம், தேங்காய் அளவுக் காய், உள்ளே பெரிய கொட்டைகள். பச்சையாகத் தின்றால் சயனைடு. ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் என்ன செய்கிறார்கள் என்றால், கொட்டையை நன்றாக அவித்து, சாம்பலும் வாழையிலையும் மண்ணுமாகப் போட்டுப் புதைத்து 40 நாள்வரை விட்டுவிடுகிறார்கள். புதைக்கும்போது வெள்ளையாக இருந்த பருப்பு தோண்டும்போது கன்னங்கரேலென்று, குழைந்து, எண்ணெய் மினுக்கோடு இருக்கும். அதன் பிறகும் ஊறவைத்துக் கழுவித்தான் சமைப்பார்கள். ஜாவாவின் ராவோன் என்ற கறுப்பு இறைச்சிக் குழம்புக்கு நிறமும் மணமும் இதுதான். அவித்தது போதும் என்று புதைக்காமல் விட்டிருந்தால் இந்தச் சுவையே உலகுக்குத் தெரிந்திருக்காது. நஞ்சை முறிக்கச் செய்த வேலையே ருசியாகவும் ஆனது.

மூன்றாவது அக்கிப் பழம். மேற்கு ஆப்பிரிக்க மரம், 18ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்கள் வழியாக ஜமைக்கா சேர்ந்தது. இன்று ஜமைக்காவின் தேசியப் பழம், உப்புக்கருவாட்டோடு சேர்த்துத் தாளித்துத் தின்பது தேசிய உணவு. பழுக்காத அக்கியில் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு ஏராளம். உடலைச் சர்க்கரை தயாரிக்கவிடாமல் முடக்கிவிடும். இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய், வாந்தி, வலிப்பு, மரணம் வரை இழுத்துப்போகும்.

கம்பங்கொல்லை:

அக்கி பற்றி ஒரு சந்தேகம். அவ்வளவு ஆபத்தானதை ஒரு நாடே எப்படித் தினசரி தின்கிறது? பழுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பச்சைக்காய்:

மரமே சொல்லிவிடும். சிவந்த தோல் மரத்திலிருக்கும்போதே தானாக மூன்றாக வெடித்துத் திறக்கணும். உள்ளே மூன்று பளபளக்கும் கறுப்பு விதை, ஒவ்வொன்றின் அடியிலும் வெண்ணெய் நிறச் சுளை. தின்பது அந்தச் சுளையை மட்டும். விதை எப்போதும் நஞ்சு. சுளையின் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு நாரையும் நகத்தால் கீறி எடுத்துவிட வேண்டும். அப்புறம் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். காயைப் பறித்து வீட்டில் வைத்துத் திறக்கவைப்பது, கையால் பிளப்பது, இரண்டும் கூடாது. அமெரிக்கா 1973இல் இதன் இறக்குமதிக்குத் தடை போட்டது, 2000இல்தான் சோதனை விதிகளோடு தளர்த்தியது.

இதே குடும்பத்துப் பழம்தான் லிச்சி. தென் சீனத்துப் பழம். 2014இல் பீகாரின் முசாபர்பூர் பகுதியில் லிச்சிப் பருவத்தில் 390 பேர் வலிப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 122 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். 2017இல் வெளியான ஆய்வு லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசினோடும் அதன் நெருங்கிய உறவுப் பொருளோடும் இதற்குத் தொடர்பு கண்டது. இராச்சாப்பாடு சாப்பிடாமல் தூங்கிய பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்கு அதே பழத்தால் ஆபத்து குறைவு. தோப்பில் உதிர்ந்து கிடந்ததையும் காயையும் தின்று பசியாறிய ஏழைப் பிள்ளைகள். எழுதும்போதே மனம் கனக்கிறது. பிள்ளைகளுக்கு இரவு உணவு கொடுங்கள், தோப்பில் அளவு மீறித் தின்னவிடாதீர்கள் என்ற எளிய அறிவுரைதான் மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது.

நெல்மணி:

இதுவரை எழுதியவர்கள் ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். விதை யாருடைய கையில் போனது? அதிகாரி கையில் போனால் விதை மட்டும் போகும். சமைக்கிறவர் கூடவே போனால் பக்குவமும் போகும். மேலே சொன்ன எல்லா எடுத்துக்காட்டையும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் விளங்கும் என்று நினைக்கிறேன்.

சீமைப்பலாவைப் பாருங்கள். நியூகினியாப் பக்கத்துக் காட்டு மரத்திலிருந்து பசிபிக் தீவு மக்கள் உருவாக்கியது. விதையில்லாத ரகங்களை வேர்க்கன்று எடுத்துத் தோணியில் தீவு தீவாகக் கொண்டுபோனார்கள். மார்க்கெசாஸ் போன்ற தீவுகளில் இலை விரித்த குழியில் பழத்தைப் போட்டு மூடி, புளிக்கவைத்துப் பசையாக்கி, ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். புயலுக்கும் பஞ்சத்துக்கும் அதுதான் கையிருப்பு. மரப்பாலைத் தோணி இடுக்கில் பூசினார்கள், பட்டையைத் தட்டித் துணியாக்கினார்கள்.

கரீபியன் கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவுத் தீனியாக இதைக் கொண்டுபோக கடற்படை அதிகாரி வில்லியம் பிளையை அனுப்பியது பிரிட்டன். 1789இல் பவுண்டி கப்பலில் கலகம் வெடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் கடலில் வீசப்பட்டன. அவரே மறுபடி போய் 1793இல் செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் கன்றுகளை இறக்கினார். கன்று வந்தது, குழி போடத் தெரிந்த தீவுக்காரர் யாரும் கூட வந்து குடியேறவில்லை. தோட்டத்து மக்கள் நெடுங்காலம் அதைச் சீந்தவில்லை, பன்றிக்குப் போட்டார்கள். சுட்டும் அவித்தும் தின்னும் பழக்கம் பின்னால் மெல்ல வேரூன்றியது.

இப்போது நெல்லுக்கு வாருங்கள். ஆசிய நெல் அல்லாத இன்னொரு நெல் இருக்கிறது, ஆப்பிரிக்க நெல். மாலியில் நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் வளர்ப்புக்கு வந்தது. செம்பழுப்பு அரிசி, வெள்ளத்தையும் களையையும் தாக்குப்பிடிக்கும். தென் அமெரிக்காவின் சூரினாமில், தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிய அடிமைகளின் வழித்தோன்றல்களான மரூன் மக்கள் இருக்கிறார்கள். எங்கள் பாட்டிமார் நெல்மணியைத் தலைமுடிக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஆப்பிரிக்க நெல் அங்கே இன்னும் வயலில் நிற்கிறது என்பதை 2010இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. 2016இல் அதன் மரபணுவைப் படித்தபோது மேற்கு ஐவரி கோஸ்ட்டில் பயிராகும் ஒரு ரகத்தோடு நெருங்கிப் பொருந்தியது. அங்கே நெல்லோடு உரலும் உலக்கையும் புடைக்கிற கையும் சேர்ந்தே போயின. வட அமெரிக்கக் கரோலினாவின் நெல் வயல்களில் ஆப்பிரிக்கரின் அறிவுக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். சூரினாம் விஷயத்தில் வயலிலேயே சாட்சி நிற்கிறது.

தட்டைப்பயறு, வெண்டை, கோலாக் கொட்டை எல்லாம் இதே கொடுமையான வழியில்தான் அட்லாண்டிக் கடந்தன. விதை வரலாறு எழுதும்போது இவர்களை வெறும் "பரவியது" என்ற சொல்லுக்குள் மறைத்துவிடுவது நியாயமில்லை.

அடிமைச் சிறுவன் ஒருவனையும் சொல்லிவிடுகிறேன். வனிலா, மெக்சிகோவில் தோத்தோனக் மக்கள் வளர்த்த கொடி. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள், பூத்தது, காய்க்கவில்லை. மெக்சிகோவில் அந்த வேலையைச் செய்த தேனீக்கள் தீவில் இல்லை. பூவும் ஒரே ஒரு காலைப் பொழுதுதான் திறந்திருக்கும். 1836இல் பெல்ஜியத்தில் சார்ல் மோரன் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைத்தார், ஆனால் தோட்டத்துக்கு ஒத்துவரும் முறையாக அது ஆகவில்லை. 1841இல் ரீயூனியனில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் நடுவிலிருக்கும் தடுப்புச் சவ்வைத் தூக்கிவிட்டுப் பெருவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். சில நொடி வேலை. உலகின் வனிலாத் தோட்டங்களில் இன்றும் அதே குச்சி, அதே விரல். விடுதலைக்குப் பிறகும் அவர் வறுமையிலேயே 1880இல் இறந்தார்.

கடலோடி:

நெல்மணி, உங்கள் கேள்வி என் மறுப்பையும் ஐயாவின் கட்சியையும் சேர்த்து வைத்துவிட்டது. அமேசானிலிருந்து இரண்டு தருகிறேன்.

கொக்கோ. நெடுங்காலம் இது மெக்சிகோவின் பொருள் என்றே பேசப்பட்டது. 2018இல் வெளியான ஆய்வு, எக்குவடோரின் தென்கிழக்கில் சாந்தா அனா லா ஃபுளோரிடா என்ற இடத்துப் பாண்டங்களில் சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன்பே கொக்கோ இருந்ததைக் காட்டியது. மேல் அமேசான்தான் மரத்தின் தாய்வீடு. தென் அமெரிக்க வழக்கம் பெரிதும் விதையைச் சுற்றியுள்ள இனிப்பான வெள்ளைச் சதையைச் சார்ந்தது. உறிஞ்சித் தின்பது, பிழிந்து குடிப்பது, புளிக்கவைப்பது. கசக்கிற விதையைப் புளிக்கவைத்து, வறுத்து, அரைத்து, நுரை பொங்க ஆற்றிக் குடிக்கும் கலையை உச்சிக்குக் கொண்டுபோனது நடு அமெரிக்கா. அங்கே விதை பணமாகவும் புழங்கியது. 1545ஆம் ஆண்டின், மெக்சிகோவின் தலஷ்கலா ஊர் ஆவணம் ஒன்றில் ஒரு பெட்டை வான்கோழிக்கு 100 நல்ல கொக்கோ விதை, ஒரு பெரிய தக்காளிக்கு ஒரு விதை என்று கணக்கு இருக்கிறது. ஆக, இங்கே பெரிய பக்குவம் பிறந்தது தாய்வீட்டில் அல்ல, பழைய காலத்திலேயே குடிபோன வீட்டில்.

குவாரனா இதற்கு நேர்மாறு. நடு அமேசானின் சதேரே மவே மக்கள் வளர்க்கும் கொடி. பழம் வெடித்தால் வெள்ளைச் சதைக்குள் கறுப்பு விதை, கண் முழித்துப் பார்ப்பதுபோலவே இருக்கும். விதையைக் கழுவி, வறுத்து, இடித்து, நீர் தெளித்துப் பிசைந்து, கைத்தடிமன் உருளையாக உருட்டி, புகையில் நாள்கணக்காகக் காயவைப்பார்கள். கல் மாதிரி ஆகிவிடும். வேண்டும்போது நீரோடு ஒரு கல்லில் உரசுவார்கள். அமேசானில் பல இடங்களில் அரபைமா மீனின் காய்ந்த நாக்கு எலும்பில் உரசுவதும் உண்டு, அதன் சொரசொரப்பு அரம் மாதிரி. அந்தக் கலங்கல் நீரைச் சுரைக்குடுக்கையில் ஊற்றிச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக ஒரு மடக்குக் குடித்துக் கைமாற்றுவார்கள். காப்பிக் கொட்டையைவிடக் காஃபின் அதிகம், அதனால் மெல்ல மெல்லத்தான் குடிப்பார்கள். இன்று குவாரனாப் பொடி உலகமெங்கும் ஊக்கபானக் குப்பிகளில் போகிறது. அளவைக் கட்டுப்படுத்திய அந்த உரசலும் கைமாற்றலும் குப்பிக்குள் போகவில்லை.

குதிர்:

தானியத்தை ஆளாளுக்குத் தொட்டுவிட்டு விட்டுவிட்டீர்கள். எனக்கு இதில் தீராத ஈடுபாடு, கொஞ்சம் எழுதுகிறேன்.

போனியோ என்று மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறுதானியம். சில ரகங்கள் இரண்டே மாதத்தில் விளைந்துவிடும், பழைய தானியம் தீர்ந்து புதியது வராத பசிக்காலத்தில் வீட்டைக் காப்பது இதுதான். மாலியின் டோகோன் மக்கள் படைப்பே இந்தச் சிறு விதையிலிருந்து தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பிரச்சினை உமி. மணி மணலைவிடச் சற்றுப் பெரிது, உமி ஒட்டிக்கொண்டு வராது. பெண்கள் உரலில் மணல் சேர்த்துக் குத்துவார்கள், பிறகு அந்த மணல் போகும்வரை நீரில் அரித்து அரித்து எடுப்பார்கள். ஒரு கிலோ அரிசியாக்க மணிக்கணக்காகும். செனகலைச் சேர்ந்த பொறியியலாளர் சானுசி தியாகிதே 1990களில் இதற்கென்றே ஓர் உமி நீக்கும் இயந்திரம் செய்தார், 1996இல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. பக்குவம் என்று நாம் புகழ்வதற்குள்ளே யாருடைய தோள் வலி இருக்கிறது என்பதையும் பார்க்கணும். பழைய முறை எல்லாவற்றையும் அப்படியே காக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

எத்தியோப்பியாவின் தெஃப் இன்னும் பொடி. ஒரு கிராமில் 2500 முதல் 3000 மணிவரை. மாவைக் கரைத்து, முந்தைய மாவில் தெளிந்து நின்ற மஞ்சள் நீரை ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற மண்தட்டில் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். மேற்புறம் முழுக்கக் கண் கண்ணாக எழும்பும். இஞ்செரா. இந்தத் தெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கு ஒரு டச்சு நிறுவனம் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியது. எத்தியோப்பிய மக்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலைக்கு வெளிநாட்டில் ஓர் உரிமையாளர்! 2018இல் தி ஹேக் நீதிமன்றம் அதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்று சொல்லி நெதர்லாந்தில் அதைச் செல்லாததாக்கியது. விதைப்பெட்டி ஐயாவின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். சில நேரம் பக்குவமும் பயணம் போகிறது, உரியவர் பெயர் இல்லாமல்.

பக்குவத்தை வேண்டுமென்றே அழித்ததும் உண்டு. மெக்சிகோவின் கீரைவிதைத் தானியம் அமரந்த். ஆஸ்டெக் அரசுக்கு மக்காச்சோளத்தோடு இதையும் கப்பமாகக் கட்டினார்கள். விழாக்களில் இதன் மாவைப் பிசைந்து தெய்வ உருவம் செய்து, வழிபாடு முடிந்ததும் பிட்டு எல்லோரும் உண்டார்கள். தங்கள் சமயச் சடங்கைப் போலவே இருப்பதைப் பார்த்த ஸ்பானியப் பாதிரிமார் அந்த வழிபாட்டை ஒடுக்கினார்கள், சாகுபடியும் சுருங்கிப்போனது. மலைக் கிராமங்களில் ஒதுங்கிப் பிழைத்தது. பொரித்த விதையைத் தேனிலோ வெல்லப்பாகிலோ பிடித்த அலெக்ரியா என்ற மிட்டாய் இன்றும் அங்கே தெருவில் கிடைக்கிறது.

கம்பங்கொல்லை:

குதிர் அவர்களே, தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைத் தானியமான கினோவா பற்றி ஒரு கேள்வி. கழுவாமல் சமைத்தால் கசக்கிறது என்கிறார்கள். அந்தக் கசப்பை நீக்கிவிட்ட ரகங்கள் இருக்கும்போது, ஆண்டிஸ் விவசாயிகள் ஏன் இன்னும் கசப்பு ரகத்தையே விதைக்கிறார்கள்?

குதிர்:

கசப்புதான் அங்கே காவல்காரன். விதைத்தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது, நீரில் நுரைக்கும், வாயில் கசக்கும். கசப்பில்லாத ரகத்தைப் பறவைகள் கதிரிலேயே தீர்த்துவிடும். தென் பொலிவியாவின் உப்புச் சமவெளிப் பக்கம், கடல்மட்டத்துக்கு 3600 மீட்டருக்கு மேல், பெயர் பெற்ற பெருமணி ரகங்கள் கசப்பு ரகங்களே. அதனால் அவர்கள் வயலில் கசப்பை வைத்துக்கொண்டு வீட்டில் நீக்குகிறார்கள். விதையை லேசாக வறுத்து, கல்லில் குடைந்த குழியில் கொட்டி, சூடு இருக்கும்போதே அதில் ஏறி நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காலால் தேய்ப்பார்கள். தோல் பொடியாக வரும். காற்றில் தூற்றி, பிறகு நுரை அடங்கும்வரை பல தண்ணீர் மாற்றிக் கழுவுவார்கள். அந்தக் கழுநீரையும் கொட்டுவதில்லை, துணி துவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் எடுத்துவைப்பார்கள்.

கடையில் விற்கும் கினோவா பெரும்பாலும் இயந்திரத்தில் தோல் சீவியதுதான். ஆனாலும் சமைக்கும் முன் ஒரு கிண்ணத்தில் நீரூற்றிக் கையால் அலசிப் பாருங்கள். நுரை வந்தால் இன்னும் இரண்டு தண்ணீர் மாற்றுங்கள்.